போர்வையும் வேண்டும், காற்றும் வேண்டும்

மார்கழி மாதத்தில் சுபுஹுத் தொழுகைக்காக வீட்டை விட்டு வெளியே வருகிறீர்கள். காதுகளை மறைத்து மப்ளர் கட்டியிருக்கிறீர்கள், தோளில் சால்வை. தேசிய நெடுஞ்சாலையில் ஊர்ந்து செல்லும் சரக்கு வாகனங்களின் விளக்குகள் பனிமூட்டத்தில் மஞ்சள் புள்ளிகளாகத் தெரிகின்றன. சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் கண்ணுக்கே புலப்படவில்லை. "அப்பப்பா, என்ன குளிர்!" என்று பள்ளிவாசல் படியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். அந்நேரத்தில் வெப்பமானியைப் பார்த்தால் அது 20 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். நீலகிரிக்காரர் ஒருவர் அருகில் இருந்தால் நம்மைப் பார்த்துச் சிரித்துவிடுவார்.

இப்படிப்பட்ட ஊரில் செடிகளுக்குக் குளிர்காலக் காப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும், சிறு வயதில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அந்தக் காப்பைத் தேடிப்போய் ஒன்பதே நாள்களில் தம் முதலீட்டின் பெரும்பகுதியை இழந்தார். அவருக்கு நேர்ந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அவரே என்னிடம் கேட்டுக்கொண்டார். பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

அவர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தப் பணியாளராக ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஒப்பந்தம் முடிந்தபின் வேறு வேலை தேடி அலையாமல், தம் அத்தா விட்டுச்சென்ற நிலத்தில் பத்து சென்ட் அளவில் ஒரு பசுமைக்குடில் அமைத்தார். வளைந்த இரும்புக் குழாய்களால் சட்டம்; அதன்மேல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலித்தீன் தாள்; பக்கங்களில் பூச்சி வலையும், ஏற்றி இறக்கக்கூடிய திரைகளும்; கூரையின் உச்சியில் வலையிட்ட ஒரு நீண்ட திறப்பு. நம் பக்கத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய குடில்தான். 2005-06ஆம் ஆண்டில் தேசியத் தோட்டக்கலை இயக்கம் தொடங்கிய பிறகு, அரசு மானியத்தால் இத்தகைய குடில்கள் தமிழகமெங்கும் பெருகின. நம் மாணவருக்கு மானியம் கைக்கு வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. மனைவியின் வளையல்களை வட்டிக்கு அடகு வைக்க மனம் ஒப்பாமல் விற்றார். வளைகுடா நாட்டில் இருக்கும் மச்சானிடம் அழகிய கடனாக ஒரு தொகை பெற்றார்.

அவர் தேர்ந்தெடுத்த தொழில் நல்ல தொழில். மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகளைக் குழித்தட்டுகளில் வளர்த்து உழவர்களுக்கு விற்பது. பொன்னேரியிலிருந்தும் ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்தும் உழவர்கள் முன்பணம் கொடுத்திருந்தார்கள். நானூறு தட்டுகள், ஒவ்வொன்றிலும் 98 குழிகள். பெரும்பாலும் மிளகாய்.

இங்கேதான் குளிர் குறுக்கிட்டது. மிளகாய் விதை 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் நன்றாக முளைக்கும். அதற்குக் கீழே போகப் போக முளைப்பு தாமதப்படும், ஒரே சீராகவும் இராது. கார்த்திகை மழை ஓய்ந்த இரவுகளில் குடிலுக்குள் வெப்பம் குறைவதை அவர் கண்டார். கைப்பேசியில் தேடினார். இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் குளிர்காலத்தில் தம் கண்ணாடிக் குடில்களின் உட்புறத்தில் காற்றுக் குமிழ்கள் நிறைந்த பபுள் ஷீட்டைப் பொருத்துவதைக் காணொளிகளில் பார்த்தார். அந்தத் தாளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. தொழிற்சாலைகளுக்கு இயந்திரப் பாகங்கள் சுற்றி வரும் பபுள் ஷீட் முழுவதும் கடைசியில் காயலான் கடைக்குத்தான் வந்து சேர்கிறது. (காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் அது என்பார்கள். அவ்வூர் அன்பர்கள் இதைப் படித்தால் கோபம் கொள்ள மாட்டார்கள் என நம்புகிறேன்.) கிலோ கணக்கில் வாங்கி வந்தார். மனைவியும் தம்பியும் அவருமாக இரண்டு நாள் உட்கார்ந்து, நான்கு பக்கங்களிலும் கூரையின் அடியிலும் கட்டினார்கள். உச்சித் திறப்பையும் அடைத்தார்கள். பக்கத் திரைகளை இறக்கி மண் போட்டு மூடினார்கள்.

முதல் நான்கு நாள்கள் எல்லாம் அழகாகத் தோன்றின. இரவில் குடிலுக்குள் நுழைந்தால் கதகதப்பு. விதைகள் மடமடவென முளைத்தன. ஐந்தாம் நாள் தாளின் உட்புறம் முழுவதும் வியர்த்திருந்தது. காலையில் உள்ளே சென்றால் தலையில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. ஏழாம் நாள் ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு நாற்றுகள் படுத்திருந்தன. ஒன்பதாம் நாள் அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "ஹஜ்ரத், கொஞ்சம் வந்து பாருங்கள்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெந்ததுபோல் நீர்கோத்து, நூலாக இளைத்து, நாற்றுகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. இலைகள் இன்னும் பச்சையாகவே இருந்தன. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. நாற்றழுகல் நோய் என்று அதற்குப் பெயர். ஈரம் மிகுந்து காற்று அசையாத இடத்தில் மண்ணிலும் நீரிலும் வாழும் பூஞ்சை வகைகளால் வருவது. ஒரு தட்டில் நுழைந்தால் நீரோடு அடுத்த தட்டுக்குப் பரவும். முன்பணம் கொடுத்த உழவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க மீண்டும் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று.

அவர் செய்ததில் மூடத்தனம் எதுவும் இல்லை என்பது என் கருத்து. விதைக்கு வெப்பம் வேண்டும் என்று அவர் எண்ணியது சரி. குமிழ்த் தாள் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் என்பதும் சரி. குளிர்காலத்தில் குடிலுக்கு வரும் பகை குளிர் ஒன்றுதான் என்று நம்பியதே தவறு.

காற்றுக்குள் மறைந்திருக்கும் நீர்

நான் கலைப் பட்டதாரி. அறிவியல் ஆசிரியன் அல்லன். ஆயினும் இந்தச் சிறு கணக்கு எனக்கே விளங்கியதால் உங்களுக்கும் விளங்கும். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம்தான். 10 டிகிரியில் 9 கிராமைச் சற்றே தாண்டும். பகலில் வெயில் பட்டுச் சூடேறிய குடிலில் செடியும் ஈரமண்ணும் நீராவியை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. மாலையில் காற்று குளிரும்போது, தாங்க முடியாத நீரை அது கீழே இறக்கி வைக்கிறது. குடிலில் மிகக் குளிர்ந்த இடம் பாலித்தீன் கூரை. ஆகவே முதலில் அங்கே வியர்க்கிறது. பிறகு இலைகளில். வெளியே மழை இல்லாதபோதும் குடிலுக்குள் மழை பெய்கிறது.

பபுள் ஷீட் இந்த வியர்வையைச் சிறிது குறைக்கும்; உள்முகம் அவ்வளவாகக் குளிராது அல்லவா? ஆனால் நீராவி வெளியேற ஓர் இடுக்குக்கூட இல்லையென்றால், குறைவதற்குப் பதிலாக நாளுக்கு நாள் சேரவே செய்யும். இரண்டாவது படலம் ஒவ்வொன்றும் சிறிதளவு வெளிச்சத்தையும் விழுங்குகிறது. வெளிச்சம் குறைந்தால் நாற்று மெலிந்து நீண்டு வளரும். மெலிந்த தண்டு நோய்க்கு எளிதில் இரையாகும்.

இன்னொன்றும் உண்டு. செடி காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொண்டுதான் தன் உணவைச் சமைக்கிறது. வெளிக்காற்றில் அது பத்து லட்சத்துக்கு 420 பங்கு அளவில் இருக்கிறது. இறுக மூடிய குடிலில் பயிர் நெருங்கி நின்றால், நண்பகலுக்குள் அந்த அளவு 200க்கும் கீழே இறங்கிவிடக்கூடும். வெயில் இருக்கிறது, நீர் இருக்கிறது, உரம் இருக்கிறது. செடி மட்டும் பட்டினி கிடக்கிறது. காற்றுப் போக்கியை நாம் சூடு தணிப்பதற்கான வாசல் என்று மட்டும் நினைக்கிறோம். செடிக்கு உணவு வரும் வாசலும் அதுதான்.

குளிரின் தலைவாசலில்

இத்தனைக்கும் பிறகு, "அப்படியானால் உண்மையிலேயே குளிர் கொல்லும் ஊரில் என்ன செய்கிறார்கள்?" என்ற கேள்வி எங்கள் இருவருக்கும் எழுந்தது. எங்கள் ஜமாஅத்தில் இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவர் லடாக்கில் லே நகரில் இருந்தவர். "பனிக்காலத்தில் அங்கே கீரை சாப்பிட்டிருக்கிறேன்" என்று அவர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. பிறகு தேடிப் படித்தோம். அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

லே கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால இரவுகளில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி வரையும், சில ஆண்டுகளில் அதற்கு மேலும் இறங்கும். ஸ்ரீநகரிலிருந்து செல்லும் சாலை ஜோஜிலா கணவாயில் பனியால் மூடப்பட்டு, ஆண்டுதோறும் மாதக்கணக்கில் போக்குவரத்து நின்றுபோவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அப்போதெல்லாம் காய்கறி விமானத்தில் வந்தால்தான் உண்டு. அதுவும் விலை சாமானியருக்கு எட்டாது. ஆனால் அவ்வூருக்கு இறைவன் வழங்கிய அருட்கொடை ஒன்று உண்டு: ஆண்டில் முந்நூறு நாள்களுக்கு மேல் தெளிந்த வெயில்.

1962இல் லேயில் இராணுவத்தின் தேவைக்காக ஓர் ஆய்வகம் தொடங்கப்பட்டது. இன்று அது பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் உயர்மலை ஆய்வு நிறுவனமாக இயங்குகிறது. அங்கே பரப்பப்பட்ட முறைகளுள் மிக எளிமையானது பள்ளக் குடில். சுமார் மூன்றடி ஆழத்தில் நீளமாக ஒரு பள்ளம் தோண்டி, அதன்மேல் பாலித்தீன் விரிப்பார்கள். சுற்றியுள்ள மண்ணே சுவர், மண்ணே போர்வை. இரவில் பாலித்தீன்மேல் இன்னொரு விரிப்பைப் போடுவார்கள். பகலில் விரிப்பை எடுத்துவிட்டு ஓரத்தைத் தூக்கிக் காற்று விடுவார்கள்.

அடுத்த படி, ஜெரஸ் என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமும் உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து லடாக்கின் சிற்றூர்களில் கட்டிய சூரியக் குடில். இந்தப் பணிக்காக அந்நிறுவனத்துக்கு 2009இல் இங்கிலாந்தின் ஆஷ்டன் விருது கிடைத்தது. அதன் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அதில் அறிவு நிறைந்திருக்கிறது.

குடில் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். தெற்குப் பக்கம் முழுவதும் பாலித்தீன். டிசம்பர் இறுதியில் லேயில் நண்பகல் கதிரவன் தொடுவானிலிருந்து 32 டிகிரி உயரத்திலேயே நிற்கிறான். அந்தச் சாய்ந்த கதிர் உள்ளே நுழைவதற்கேற்ப அந்த முகம் சாய்த்து அமைக்கப்படுகிறது. (கும்மிடிப்பூண்டியில் அதே நாளில் கதிரவன் 53 டிகிரி உயரத்தில் இருக்கிறான். ஓர் ஊரின் குடில் இன்னோர் ஊருக்குப் பொருந்தாது என்பதற்கு இதுவே போதும்.) மற்ற மூன்று பக்கங்களும் மண்கல் சுவர்கள். ஒரு சுவர் அன்று; இரட்டைச் சுவர். இரண்டுக்கும் இடையே இடைவெளி விட்டு, அதில் வைக்கோல், மரத்தூள் போன்றவற்றைத் திணிக்கிறார்கள். வெளிச்சுவர் பாரத்தைத் தாங்குகிறது. நடுவிலுள்ள வைக்கோல் வெப்பத்தைத் தடுக்கிறது. உட்சுவர் பகலில் வெயிலைக் குடித்து இரவில் மெல்ல வெளியிடுகிறது. வடக்குச் சுவரின் உட்புறத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசுவது அதற்காகத்தான். வடபக்கக் கூரையிலும் வைக்கோல் வேய்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் பாலித்தீனுக்குக் கீழே ஒரு துணித்திரையை இழுத்துவிடுகிறார்கள். பழைய பாராசூட் துணியும் அதற்குப் பயன்படுகிறது. விறகு இல்லை, மின்சாரம் இல்லை. வெளியே ஆறு உறைந்து கிடக்கும்போது உள்ளே பாலக்கீரையும் கொத்துமல்லியும் வளர்கின்றன.

இத்தனை கவனமாகப் போர்வை போர்த்திய அந்தக் குடிலில் கூரையில் ஒரு திறப்பு உண்டு. ஒரு பக்கச் சுவரில் கதவும், எதிர்ச்சுவரில் சாளரமும் உண்டு. வெளியே உறைநிலைக்குக் கீழே இருக்கும் நாளிலும் வெயில் ஏறியதும் அவற்றைத் திறக்கிறார்கள். காரணம் இரண்டு. முதலாவது, வெயில் ஏறினால் உள்ளே வெப்பம் பயிர் தாங்கும் அளவைக் கடந்துவிடும். இரண்டாவது, உறைகுளிர்க் காற்றில் ஈரம் மிகக் குறைவு. ஒரு கன மீட்டருக்கு ஐந்து கிராம்கூட இராது. அந்தக் காற்று உள்ளே வந்து சூடேறும்போது வறண்ட பஞ்சுபோல் ஆகி, குடிலின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியேறுகிறது. சிறிது வெப்பம் போகத்தான் செய்யும். ஆனால் சுவர் தன் வெப்பத்தை உடனே இழந்துவிடுவதில்லை. காற்று மாறுகிறது, சுவரும் மண்ணும் வெப்பத்தைக் காக்கின்றன.

நம் மாணவர் இதைப் படித்தபோது நெடுநேரம் பேசவில்லை. "மைனஸ் இருபதில் இருப்பவர்களே ஜன்னல் வைத்திருக்கிறார்கள், நான் அடைத்துவிட்டேன், ஹஜ்ரத்" என்றார்.

பழைய காலத்தவரும் இதை அறிந்திருந்தார்கள் போலும். ரோமப் பேரரசன் திபேரியஸுக்கு நாள்தோறும் வெள்ளரி வகைக் காய் வேண்டும் என்பதற்காக, சக்கரம் வைத்த பாத்திகளில் அதை வளர்த்தார்கள் என்று பழைய இலத்தீன் நூல்கள் சொல்கின்றன. வெயில் நாளில் வெளியே தள்ளுவார்கள். குளிர் நாளில் ஒளி ஊடுருவும் கல்தகடுகளுக்குக் கீழே இழுத்துக்கொள்வார்கள். கொரியாவில் 15ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு நூல், தரையடியில் வெப்பமூட்டி, எண்ணெய் பூசிய காகிதத்தைக் கூரையாக இட்டுக் குளிர்காலத்தில் காய்கறி வளர்ப்பதை விளக்குகிறது. காகிதம் பாலித்தீன்போல் அடைத்துக்கொள்ளாது. ஈரத்தை மெல்ல வெளியே விடும். சீனாவின் ஷோகுவாங் பகுதியில் 1980களின் இறுதியிலிருந்து பெருகிய குடில்களிலும் வடக்கே பருத்த மண்சுவர், தெற்கே பாலித்தீன், இரவில் அதன்மேல் வைக்கோல் பாய். காலையில் பாயைச் சுருட்டுவது அங்கே உழவனின் முதல் வேலையாக இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நீலகிரியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழுகிறது. உதகை அரசு தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளைக் காக்கக் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கிளைகளால் மூடுகிறார்கள். தழை மூடிய செடி மூச்சு விடும். ஓசூர்ப் பக்கத்து ரோஜாக் குடில்களில் மாலையில் திரையை இறக்கிக் காலையில் ஏற்றுவது அன்றாட வழக்கம்.

இங்கே தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. செடியைப் பற்றிப் பேசும்போது வீட்டு அறையும் நினைவுக்கு வருகிறது. பிள்ளை பெற்ற அறையில் காற்றுப் படக்கூடாது என்று கதவு ஜன்னல்களை அடைத்து, துணி திணித்து, உள்ளே கரிச்சட்டியில் சாம்பிராணி போட்டு வைக்கும் வழக்கம் நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. மலைவாசத்தலங்களுக்குச் சுற்றுலா சென்று, குளிருக்காக அறைக்குள் அடுப்புக்கரி மூட்டி உறங்கியவர்கள் மறுநாள் எழுந்திருக்கவில்லை என்ற செய்திகளை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கிக் கரி கனன்று கொண்டிருக்கும்போதும் அது வந்துகொண்டே இருக்கும். உறங்குபவருக்கு மூச்சுத் திணறலாகக்கூடத் தெரியாது. குழந்தைக்குக் கதகதப்பு வேண்டுமென்றால் கம்பளியும் தாயின் அணைப்பும் இருக்கின்றன. கரிச்சட்டி உறங்கும் அறைக்குள் வரவே வேண்டாம்.

மீண்டும் குடிலுக்கு வருவோம். நம் திருவள்ளூர் மாவட்டத்துக் குளிர்காலம் லடாக்கின் குளிர்காலம் அன்று. இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதையடுத்துப் பனிமூட்டம். பழவேற்காடு ஏரியின் ஈரக்காற்று வேறு. வெப்பம் குறைவது சிறிது. ஈரம் பெருகுவது பெரிது. லேயில் ஜன்னலைத் திறந்தால் வறண்ட காற்று வரும். இங்கே விடியற்காலையில் திறந்தால் வெளியிலிருந்து வருவதும் ஈரக்காற்றே. ஆகவே நம் குடில்களுக்குச் சுற்றிலும் போர்வை போர்த்துவது பொருளற்ற வேலை, அதோடு தீங்கும்கூட. தேங்கி நிற்கும் ஈரக்காற்றைவிட, அசைந்து செல்லும் ஈரக்காற்று எவ்வளவோ மேல் என்பதை நம் மாணவர் அடுத்த பருவத்திலேயே கண்டுகொண்டார்.

இப்போது அவர் செய்வது இதுதான். வெப்பம் தேவைப்படுவது விதைக்கு. முளைத்த நாற்றுக்கு அன்று. எனவே விதை ஊன்றிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்கை மட்டும் தாளால் சுற்றிவிடுகிறார். உள்ளேயிருக்கும் ஈரத் தென்னை நார்க்கழிவே வெப்பத்தைக் காத்துக்கொள்கிறது. நாற்றங்கால் வைப்போர் பலரும் அறிந்த பழைய முறைதான் இது. அவர்தாம் கைப்பேசியில் தேடினாரேயன்றி, பக்கத்து ஊரில் கேட்கவில்லை! நாள்தோறும் அடுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் முளை தலைகாட்டிய அன்றே தட்டுகளைப் பரப்பிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளிறி நீண்டுவிடும்.

பரப்பிய பின் குடிலின் உச்சித் திறப்பு இரவும் பகலும் திறந்தே இருக்கிறது. சூடான ஈரக்காற்று இலேசானது. அது மேலே எழுந்து தானாகவே வெளியேறும். பக்கங்களில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு மட்டும் தாள் கட்டியிருக்கிறார். தரையோடு வரும் வாடைக்காற்றும் மழைச் சாரலும் தட்டுகள்மேல் படாமலிருக்க அது போதும். அதற்கு மேலே வலைதான். சாரல் அடிக்கும்போது காற்று வரும் பக்கத்துத் திரையை மட்டும் இறக்குகிறார், எதிர்ப்பக்கம் திறந்திருக்கும். தண்ணீர் தெளிப்பது காலை ஒன்பது மணிக்கு மேல்; மாலையில் தெளிப்பதே இல்லை. இலை நனைந்தபடி இரவைக் கழிக்கக்கூடாது என்பதில் இப்போது அவர் மிகக் கண்டிப்பானவர். தட்டுகளைத் தரையில் வைக்காமல் கம்பிப் பலகைமேல் வைத்திருப்பதால் அடியிலும் காற்று ஓடுகிறது. பழைய தட்டுகளைக் கழுவிக் காயவைக்காமல் மறுமுறை பயன்படுத்துவதில்லை.

புயல் ஒன்றுதான் அவருக்கு இன்னும் விடை கிடைக்காத கவலை. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையில் நம் மாவட்டம் வெள்ளக்காடானது. அப்படிப்பட்ட நாள்களில் வலைவழியே நுழைந்த காற்று கூரையை உள்ளிருந்து தூக்கிவிடும். எச்சரிக்கை வந்தவுடன் திரைகள் அனைத்தையும் இறக்கி இறுகக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாலித்தீன் போனால் போகட்டும், சட்டம் தப்பினால் போதும் என்று தாளையே கழற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாற்றுத் தட்டுகளை வீட்டுத் திண்ணைக்கும் மதரஸா வராந்தாவுக்கும் மாற்றிவிடலாமா என்று அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். நிர்வாகத்தாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நானூறு தட்டுகளுக்கும் இடம் போதாது, பாதிக்குப் போதும்.

சென்ற மார்கழியில் ஒரு நாள் சுபுஹுக்குப் பின் அவரோடு குடிலுக்குப் போனேன். வெளியே பத்தடி தூரத்தில் இருப்பவரைத் தெரியாத பனி. உள்ளேயும் குளிர்ந்துதான் இருந்தது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஆனால் தலையில் ஒரு சொட்டும் விழவில்லை. மிளகாய் நாற்றுகள் குட்டையாக, தண்டு பருத்து, கரும்பச்சையாக நின்றன. முந்தைய பருவத்தில் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்ட ஊத்துக்கோட்டை உழவர் அன்று காலை ஒரு சிறு வண்டியோடு வந்திருந்தார். தட்டுகளைத் தூக்கிப் பார்த்து, ஒரு நாற்றை உருவி வேரைப் பார்த்து, பிறகு எண்ணத் தொடங்கினார்.

மச்சானின் கடனில் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. வளையல் இன்னும் வாங்கவில்லை. அந்தப் பபுள் ஷீட் என்னவாயிற்று என்று கேட்டேன். விதை அடுக்குகளைச் சுற்றுவதற்குத் தேவையானதை வெட்டி வைத்துக்கொண்டு, மீதியை அதே காயலான் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். வாங்கிய விலையில் பாதிதான் கொடுத்தாராம் அவர்.